பல்லி மேல் போட்ட பழி

எங்கள் முதலாளிக்கு வண்டியைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்: முன்னால் எலுமிச்சம்பழம் கட்ட வேண்டும், உள்ளே இருக்கும் டிரைவரைத் திட்ட வேண்டும். ஆள் பட்டு நூல் வியாபாரி. சாயம் போட்ட நூலையும் தறியில் பூட்டுகிற பாவையும் வேனில் ஏற்றி ஐயம்பேட்டைப் பக்கம் நெசவாளிகள் வீடு வீடாகப் போடுவதும், நெய்து முடித்த சேலைகளை வாங்கி வருவதும் என் வேலை. எட்டு வருஷம் ஓட்டினேன். வண்டி நன்றாக ஓடினால் சாமி புண்ணியம், நின்றால் என் குற்றம் என்பது அவருடைய கணக்கு.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் தாமல் ஏரிக்குப் பக்கத்தில், நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்தேன். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. முதலாளிக்குப் போன் போட்டேன். "என்னாத்தப் பண்ணித் தொலைச்ச?" என்றார். அடுத்து, நூல் நனைந்துவிட்டதா என்று கேட்டார். எனக்கு ஏதாவது ஆயிற்றா என்று கேட்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஒர்க் ஷாப்பில் விட்டோம். மெக்கானிக் பாய் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். "இன்ஜின் நல்லாத்தான் இருக்குது. ஈ.சி.எம் போயிடுச்சு" என்றார். இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு டீசல் விட வேண்டும் என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர் டப்பா அது. புதிதுதான் போட வேண்டுமாம்.

காரில் வந்து இறங்கிய முதலாளி டப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "கண்டபடி மிதிச்சா கம்ப்யூட்டர் போவாம என்னா ஆவும்?" மிதிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பாய் சொல்லிப் பார்த்தார். காதில் ஏறினால்தானே? செலவு வந்த கோபத்தைக் கொட்ட ஒரு ஆள் வேண்டும், நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். இவனை அனுப்பிவிட்டு வேறு டிரைவர் பார்க்கப் போகிறேன் என்று என் எதிரிலேயே பாயிடம் சொன்னார். ஐம்பதைத் தாண்டியவனை, அதுவும் வண்டியைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்கியவனை, இந்த ஊரில் எவன் கூப்பிடுவான்?

பாய் டப்பாவைக் கழற்றித் திருப்பினார். மூடி ஒரு மூலையில் வாய் பிளந்திருந்தது. நெம்பித் திறந்தார். உள்ளே பச்சைப் பலகையின் மேல் ஒரு பல்லிக்குட்டி கருகி ஒட்டிக் கிடந்தது.

முதலாளியின் முகம் மாறிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பல்லிப்பா! நம்ம ஊர்ல, நம்ம வண்டியில, பல்லி செத்துக் கெடக்குது. இது தோஷம்." அந்த நிமிஷமே என் வேலை எனக்குத் திரும்பி வந்தது. கூடவே பரிகாரமும் வந்தது. "வண்டிய ஓட்டுனது நீ. நீயே நம்ம ஊர் கோயிலுக்குப் போயி தங்கப் பல்லியத் தொட்டுட்டு வந்துரு, தோஷம் போயிடும். டிக்கெட்டுக்கு நான் தர்றேன்."

"நான் சர்ச்சுக்குப் போறவன் முதலாளி" என்றேன். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக் கேக்கைக் கடையில் உட்கார்ந்து தின்கிற மனுஷருக்கு இதை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

"அதனால என்னாப்பா? பல்லி எல்லாருக்கும் பொது."

போய்த் தொட்டுவிட்டு வந்திருக்கலாம். கர்த்தர் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவர் இல்லை. ஆனால் பாய் மூடியைக் காட்டி, "இத யாரோ முன்னாடியே அறுத்துத் தொறந்துட்டு, அரைகொறையா ஒட்டிக் குடுத்திருக்கான்" என்றபோது என்னால் வாயை அடக்க முடியவில்லை. மைலேஜ் ஏற்றித் தருகிறேன் என்று லேப்டாப்போடு வந்த ஒருவனை நம்பி டப்பாவைப் பிரிக்கக் கொடுத்ததே இந்த மகானுபாவர்தான். டீசல் மிச்சம் பிடிக்கிறாராம்!

"தொறக்கச் சொன்னது நீங்க. பல்லியையும் நீங்களே போய்த் தொடுங்க" என்றேன்.

பாய் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் சத்தமாகவே சிரித்துவிட்டார்கள். வண்டி கெட்டதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. "நாளையிலேருந்து வராத" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்தேன். கோபம் ஆறினால் கூப்பிடுவார் என்றாள் என் மனைவி. "அவரு கூப்ட்டா உடனே ஓடணுமா?" என்று வீறாப்பாகக் கேட்டுவிட்டு, அவள் பார்க்காதபோது போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடுதான்.

ஒரு நாள் காலையில் முதலாளியே வந்து நின்றார். எங்கள் வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. என் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு டீ போடப் பின்பக்கம் ஓடினாள்.

முதலாளி சுவரைப் பார்த்துப் பேசினார். "புது கம்ப்யூட்டர் வந்துருச்சு. வண்டியோட சாவி எல்லாத்தையும் ஒண்ணா வச்சு அதுக்குப் பழக்கணுமாம். விட்டுப்போன சாவி அப்புறம் ஸ்டார்ட் பண்ணாதாம். ஒண்ணு உங்கிட்ட இருக்குதுல்ல?"

என் சாவியையும் பழக்கி என்னிடமே திருப்பித் தரத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். நெஞ்சு துள்ளியது. இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

"புது டிரைவர் நாளைக்கு வர்றான். அவன்கிட்ட ஒண்ணு குடுக்கணும்" என்றார்.

சாவியை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் டீ வந்தது. கொஞ்சமும் கூசாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "டீ நல்லா இருக்குதுமா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் தெருமுனை திரும்பும்வரை என் மனைவி வாசலில் நின்றாள். திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு. "எப்பலேருந்து வரச் சொன்னாரு?"

"சாவிய வாங்கிக்கினு போவ வந்தாரு" என்றேன்.

அவள் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வூட்ல பால் கேட்டு வாங்கியாந்து போட்டேன்" என்றாள்.