விளையாட்டில் பெய்த மழை

எனக்கு வீடியோ கேம் பிடிக்காது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரரின் கம்பெனி நண்பர்கள் சிரிப்பார்கள். "அண்ணி, உலகமே தலையில தூக்கி வச்சிக்கினு ஆடுற கேமுங்க இது" என்பார்கள். ஆடட்டும். உலகம் தூக்கிவைத்து ஆடுவதையெல்லாம் நானும் தூக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அன்றைக்கு அவருக்குக் கொடுத்த டீயில் நான் சர்க்கரை போடவில்லை.

பிடிக்காமலேயே ஒன்றரை வருஷம் விளையாடினேன். அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் நான் மயக்கம் தெளிந்து கண் விழிப்பதற்குள் என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். பெண்கள் அந்த இடத்துக்குப் போகக் கூடாது. பெற்றவளுக்கு முகத்தைக் காட்டினால் மனசு விட்டுப்போகும் என்று காட்டவும் மாட்டார்கள். எங்கே வைத்தீர்கள் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளும் கேட்டேன். மறுவாரமும் கேட்டேன். "அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா, வுட்டுடு" என்றார் மாமியார். கேட்டவள் நான் விடவில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் பேச்சையே விட்டுவிட்டார். சோறு வேண்டுமா என்றால் ஒரு தலையாட்டல், பஸ் வந்ததா என்றால் ஒரு தலையாட்டல். மரக்காணத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஃபேன் சத்தம்தான் அதிகம் கேட்டது.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. நான் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். அவர் ஒரு நண்பரிடமிருந்து பழைய லேப்டாப் ஒன்றும் இரண்டு கன்ட்ரோலரும் வாங்கி வந்திருந்தார். சாயந்திரம் வந்து கைகால் கழுவியதும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் கோபத்தில் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். அவர் இன்னொரு கன்ட்ரோலரை எடுத்து என் கையில் வைத்து, "அந்த செவப்பு பட்டன அமுக்கு" என்றார்.

இரண்டு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். நான் சிவப்புப் பட்டனை அமுக்கினேன். இப்படியே பேச வைத்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்த இடத்தையும் சொல்லிவிடுவார் என்று எனக்கு ஒரு கணக்கு.

முதலில் துப்பாக்கி விளையாட்டு. பாராசூட்டில் குதித்து இறங்கிய இரண்டாவது நிமிஷம் செத்தேன். அடுத்து குதிரைக்காரன் விளையாட்டு. மலை, பனி, ஆறு என்று படம் அத்தனை அழகாக இருக்கும். ஆனால் போகிறான், போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான். அந்த நேரத்துக்கு நான் பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்திருப்பேன். பிறகு வாளோடு ஒருவன் நடந்துபோய் ஒவ்வொரு பூதத்திடமும் நூறு தடவை சாகிற விளையாட்டு. அதற்குத்தான் மெடலெல்லாம் கொடுத்திருக்கிறார்கள் என்றார். எனக்குச் சாவு போதும் என்று எழுந்துவிட்டேன்.

கட்டைகளை அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டு கொஞ்சம் தேவலை என்று தோன்றியது. அதில் கடல் இருந்தது. நான் கடலோரத்தில் தரையைச் சமமாக வெட்டி, வரப்பு வைத்து, பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தண்ணீர் விட்டேன்.

"இன்னா பண்ற?" என்றார்.

"உப்பு."

அந்த ஊரில் சூரியன் வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. பாத்தியில் தண்ணீர் ஓர் இம்மிகூடக் குறையவில்லை.

"இதுல தண்ணி காயாது" என்றார்.

"காயாத தண்ணிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

அவர் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. உலகம் மெச்சிய அந்த விளையாட்டை அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஒரு மாதம் சகித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் வந்ததுதான் விவசாய விளையாட்டு. ஒரு சின்ன வீடு, ஒரு துண்டு நிலம், அவருக்கு ஓர் ஆள், எனக்கு ஓர் ஆள். விதைக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், அறுக்க வேண்டும். ராத்திரி ஆட்களைப் படுக்கையில் படுக்க வைத்தால்தான் அன்றைய நாள் பதிவாகும். பதிவாகிவிட்டால் திரும்ப மாற்ற முடியாது. அவர் பெருமுக்கல் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் வளர்ந்தவர், வேர்க்கடலைதான் அவர்கள் வீட்டு விவசாயம். அதனாலோ என்னவோ அதில் இறங்கியதும் வாய் தானாகத் திறந்தது. "அந்த வரிசைக்குத் தண்ணி ஊத்து", "பூசணி போட்லாமா", "நீ போய் மீன் புடி" என்று பேசிக்கொண்டே இருப்பார். எனக்கு அது பெரிய சந்தோஷம். விளையாட்டு மட்டும் பிடிக்கவில்லை.

காரணம் மழை. அந்த ஊரில் அடிக்கடி மழை பெய்யும். பெய்தால் அவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துக் காலை நீட்டிக்கொள்வார். "அப்பாடா, இன்னைக்குத் தண்ணி ஊத்த வேணாம்." எனக்கு எழுந்து ஓடத் தோன்றும். எங்களுடையது உப்பளத்தில் கூலிக்குப் போன குடும்பம். பள்ளிக்கூட லீவில் எல்லாம் அம்மாவோடு பாத்தியில்தான் நின்றேன். வெயில் காலத்தில் ஒரு மழை அடித்தால் பத்து நாள் காய்ந்த உப்பு பத்து நிமிஷத்தில் தண்ணீராகிவிடும். மேகம் கறுத்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. இருக்கிறவர்கள் எல்லாரும் உப்பு வாருகிற பலகையை எடுத்துக்கொண்டு இறங்கி, விளைந்தது விளையாதது பார்க்காமல் வாரிக் கரையேற்றி, ஓலை போட்டு மூடுவோம். "பாதி வெளஞ்சாலும் வாரிடு, வானத்த நம்பாத" என்பாள் அம்மா. சேறும் உப்புமாக வந்தாலும் அது கைக்கு வந்தது. விட்டால் அதுவும் இல்லை.

விவசாய விளையாட்டில் அவர் வீட்டு வாசலருகே ஒரு கன்று நட்டு, சுற்றி வேலி போட்டிருந்தார். தினமும் ஆளை எழுப்பியதும் முதலில் அங்கேதான் போவார். மற்ற செடியெல்லாம் நாலு நாளில் விளைந்துவிடும், இது வளர்வதாகவே தெரியவில்லை.

"எதுக்கு இது, எடத்த அடைச்சிக்கினு?" என்று கேட்டேன்.

"சும்மா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி வாங்கக் கூனிமேட்டுக்குப் போயிருந்தார். சரி, வருவதற்குள் இரண்டு நாள் வேலையை முடித்து வைப்போம், சந்தோஷப்படுவார் என்று நான் தனியாக உட்கார்ந்தேன். அந்த விளையாட்டுக்குள் ஒரு டிவி உண்டு. அதைப் போட்டேன். நாளைக்குப் புயல் என்றது.

என் கை யோசிக்கவில்லை. பூசணி பிஞ்சாக இருந்தது, தோண்டிப் போட்டேன். முளை விட்டிருந்த வரிசைகளை எல்லாம் கொத்தி எடுத்தேன். பறித்ததைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கடைசியில் வேலிக்குள் அந்தக் கன்று நின்றது. காற்றில் எப்படியும் ஒடியும், விறகாவது மிஞ்சட்டும் என்று கோடாலியை எடுத்தேன். இரண்டே வெட்டு. பிறகு இரண்டு ஆட்களையும் படுக்க வைத்தேன். நாள் பதிவாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் பிரியாணிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தபோது திரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, மொட்டை நிலத்தின்மேல்.

"மரம் எங்க?"

"புயல்னு சொன்னாங்க. எல்லாத்தையும் வாரிட்டேங்க."

"மரத்தக் கூடவா?"

"ஒடிஞ்சிடுமேன்னு..."

அவர் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

"அங்க பாப்பா பக்கத்துல ஒரு நெல்லிக்கன்னு வச்சேன்" என்றார். "ரெண்டே வாரத்துல ஆடு கடிச்சிடுச்சி. இதுல ஆடு கடிக்காது, காயாதுன்னு தான் இங்க வச்சேன்."

ஒன்றரை வருஷமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த பேச்சு அது. அதை வாங்க நான் எதை வெட்டிப்போட்டேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை, கேட்டேன்.

"அங்கன்னா எங்கங்க?"

"நம்ம கொல்லையிலதான். கெணத்துக்குக் கெழக்கால."

"என்னை இட்டுனு போங்க."

மாமியாரிடம் சொல்லாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். பெருமுக்கல் மலைக்கோயில் தெரிகிற நிறுத்தத்தில் இறங்கி நடந்தோம். நான் பையில் ஒரு சின்ன கவுன் வைத்திருந்தேன். ஐந்தாம் மாதத்தில் யாருக்கும் தெரியாமல் வாங்கியது.

கொல்லை முழுக்க உழுது மல்லாட்டை விதைத்திருந்தது. ஒரே பச்சை. அவர் கிணற்று மேட்டில் நின்று கிழக்கே பார்த்தார். அங்கிருந்து அடி வைத்து நடந்து ஓரிடத்தில் நின்றார். "இங்கதான்" என்றார். நான் குனிந்தேன். "இரு, இரு. இல்ல. இன்னும் அந்தாண்ட." மறுபடி கிணற்றுக்குப் போய் மறுபடி அடி வைத்து வந்தார். இந்தத் தடவை வேறு இடம்.

கொல்லையைப் பார்த்துக்கொள்கிற அவருடைய அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு வரப்பில் வந்து நின்றார். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கல்லு ஒன்னு வச்சோமேண்ணா" என்றார் என் வீட்டுக்காரர்.

"டிராக்டர்காரன் எடுத்துப் போட்டுட்டானா என்னமோ. அன்னைக்கு இருட்டிப்போச்சில்ல, எனக்கும் சரியா நெனப்பு இல்லப்பா."

அங்கே போய் உட்கார்ந்து அழ வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. கவுனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் லேப்டாப்பைத் திறந்தார். அங்கே மழை விட்டிருந்தது. வேலி அப்படியே இருந்தது. நடுவில் நான் வெட்டிய அடிக்கட்டை.

"இது மட்டும் எடம் மாறல" என்றார்.

நான் கன்ட்ரோலரை எடுத்து என் ஆளை மெதுவாக வேலிக்குள் கூட்டிப்போய் அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"உக்கார்றதுக்கு எந்த பட்டன்?" என்று கேட்டேன்.

"இந்த கேம்ல உக்கார முடியாதும்மா" என்றார்.