பஸ்ஸில் கட்டில், பலாமரத்தில் ரூம்

பெங்களூரில் மூன்று பெட்ரூம் வீடு வாங்கினவர்கள், சனிக்கிழமை ஆனால் காசு கொடுத்து சிமெண்ட் குழாய்க்குள் வந்து படுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தலையணை உறை மாற்றுவதுதான் என் தொழில்.

வீட்டுக்கு யாராவது வந்தால் 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் ஒளிந்துகொள்கிறவர்களா நீங்கள்? அப்படியானால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். நானும் உங்கள் கூட்டம்தான். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிட்டால்கூட கையைத் தூக்குவேனே தவிர, வாயைத் திறக்க மாட்டேன்.

மாலூர் போகிற ரோட்டில் இருக்கும் இந்தத் தோட்டம் ஷாலினி மேடத்துடையது. மேடத்துக்கு அல்சூர் பக்கம் ஜோகுபாளையத்தில் வீடு, கம்ப்யூட்டர் வேலை. என் வீட்டுக்காரர் வெல்டர். தங்கவயலில் பிறந்தவர், இரும்பைக் கண்டால் சும்மா விட மாட்டார். மேடம் சொல்லச் சொல்ல அவர் மூன்று ரூம் செய்து கொடுத்தார். பெரிய சிமெண்ட் குழாய்க்குள் ஒன்று, பழைய பஸ்ஸுக்குள் ஒன்று, பலாமரத்து மேலே ஒன்று. வேலை முடிந்ததும், நீங்களே இருந்து பார்த்துக்கோங்க என்று சமையல் கொட்டகையை ஒட்டி எங்களுக்கு ஒரு வீடும் கொடுத்தார். பகலில் வீட்டுக்காரர் வெளிவேலைக்குப் போய்விடுவார். நானும், மூன்று வயசு மகள் மித்ராவும், சமையல் பார்க்கும் லட்சுமக்காவும்தான் தோட்டத்தில். லட்சுமக்கா இந்த ஊர்க்காரர், கன்னடம்தான் பேச்சு, ஆனால் தமிழும் விளாசுவார்.

சனி ஞாயிறுக்கு ஆள் வந்தது. மற்ற நாளெல்லாம் காலி. வந்து போனவர்கள் போனில் எழுதினார்கள்: இடம் அருமை, ஆனால் அங்கே இருக்கிற பெண் எங்களைப் பார்த்தாலே ஓடுகிறாள். மேடம் திட்டவில்லை. கோடை லீவு முடிவதற்குள் ஆட்களிடம் பேசிப் பழகிக்கொள், இல்லாவிட்டால் ஹோட்டல் படிப்பு படித்த மேனேஜர் ஒருத்தரை வைக்க வேண்டியிருக்கும், அவருக்கு இந்த வீட்டைக் கொடுக்கணும் என்றார். அப்படியென்றால் நாங்கள் திரும்ப பெங்களூர் ஈஜிபுராவுக்குத்தான் போக வேண்டும். அங்கே மாடியில் ஒத்தை ரூம். மித்ரா படிக்கட்டில் உருண்டுவிடுவாளோ என்று அவளைப் பழைய துப்பட்டாவால் கட்டில் காலோடு கட்டிவிட்டுத் துணி துவைத்திருக்கிறேன். இங்கே அவள் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். மேடம் போனதும் நான் உட்கார்ந்து அழுதேன். லட்சுமக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "பேசறதுக்கு எதுக்குடி இவ்ளோ பயம்? வாயைத் தெறந்து வெச்சுக்கோ, ஏதாவது வரும்."

மாலூர் போர்டு

என் வீட்டுக்காரர் செய்த தப்பு என்னவென்றால், பஸ்ஸை ரொம்ப நன்றாகச் செய்துவிட்டார். சக்கரம் கழற்றிக் கல் மேல் நிறுத்தி வைத்த வண்டிதான். ஆனால் முன்பக்கம் பளபளவென்று பெயின்ட் அடித்து, அழகுக்கு இருக்கட்டும் என்று 'மாலூர்' போர்டையும் மாட்டிவிட்டார். அது நிற்பதோ ரோட்டு ஓரத்தில்.

ஒரு நாள் காலையில், பஸ்ஸில் தங்கியிருந்த புதுமணத் தம்பதி ஏரியைப் பார்க்கப் போயிருந்தார்கள். நான் பெட்ஷீட் மாற்றப் போனால், உள்ளே ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலடியில் ஒரு கூடை தக்காளி. இது பஸ் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, வா உட்காரு என்று நகர்ந்து இடம் கொடுத்தார். நானும் பெட்ஷீட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஏரிக்குப் போனவர்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அந்தப் பையன்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னான். பெரியவர் கோபப்படவில்லை. மெத்தையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஓடற பஸ்ல உக்கார இடம் கெடைக்க மாட்டேங்குது. ஓடாத பஸ்ல மெத்தை போட்டிருக்கீங்க. இது எந்த ஊரு நியாயம்மா?"

குழாயும் மிக்ஸியும்

குழாய் ரூமை லட்சுமக்கா 'மோரி' என்றுதான் சொல்வார், மேடம் காதில் விழாமல். ஊரில் ரோட்டுக்கு அடியில் சாக்கடை போகிற குழாய்க்கு அதுதான் பேர். அந்தக் குழாயின் வாய் எங்கள் சமையல் கொட்டகையைப் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே மெதுவாகப் பேசினால்கூட எங்களுக்கு ஸ்பீக்கர் வைத்தது போலக் கேட்கும். இது ரூம் செய்தபோது யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு புருஷன் பெண்டாட்டி வந்திருந்தார்கள். பண்டிகைக்கு யார் வீட்டுக்குப் போவது என்று ஆரம்பித்த பேச்சு, அவருடைய அக்கா, இவளுடைய தம்பி என்று ஒவ்வொருத்தராக உள்ளே இழுத்துக்கொண்டு போனது. நீங்கள் பேசுவது கேட்கிறது என்று போய்ச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மிக்ஸியைப் போட்டேன். அவர்கள் குரல் ஏறினால் நான் மிக்ஸியை ஏற்றினேன். தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, புதினா, வேர்க்கடலை. லட்சுமக்கா, போதும்டி, ஊருக்கே போடலாம் என்றார். அன்றைக்கு டிபனுக்கு அவர்கள் தட்டில் இட்லியைவிடச் சட்னி ஜாஸ்தி.

கிளம்பும்போது அந்தப் பெண் மட்டும் கொட்டகைப் பக்கம் வந்தார். குழாயைத் திரும்பிப் பார்த்தார், மிக்ஸியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. முகம் சிவந்தாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "புதினா சட்னி அரைச்சீங்களே, அந்த நேரத்துல நான் பேசினதுதான் நியாயம். அது உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா?"

வெளியே போயிருக்கிற அக்கா

லீவு பாதி ஓடியது. நேருக்கு நேர் பேச்சு வரவில்லை. வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார். வருகிறவர்களுக்கு மேடம் போனில் ஒரு குரூப் போடுவார் அல்லவா, அதில் நீ வாய்ஸ் அனுப்பு, போனுக்கு முகமா இருக்கிறது என்றார்.

போனிடம் எனக்கு நன்றாகப் பேச வந்தது. தமிழும் கன்னடமும் கலந்து அடித்தேன். அண்ணா, சுடுதண்ணி ரெடி, பக்கெட்டை அடியில் பிடித்துத் தூக்குங்க, கைப்பிடி ஆடுது. அக்கா, பலாமரத்து ஏணியில் காலையில் பனி இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்க. எல்லாரும் கட்டை விரலைத் தூக்கி அனுப்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் நல்ல உயரமான ஒரு தம்பி, கொட்டகை வாசலில் வந்து நின்று, வாய்ஸ்ல பேசற அக்கா எங்கே, தேங்க்ஸ் சொல்லணும் என்றார். நான் சட்டென்று, அவங்க வெளியே போயிருக்காங்க என்று சொல்லிவிட்டேன். எந்தக் குரலில் சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் கையிலிருந்த போனைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சரிக்கா. அவங்க வந்தா, குரலை இங்கயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுங்க."

மரத்து மேல கேஸ்

பலாமரத்து ரூமுக்கு ஜன்னலை ஒட்டியே காய் தொங்கும். வருகிறவர்கள் அதோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பழுத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் ஒரு சார் ஏணியில் பாதி இறங்கி, கேஸ் கசியுது, யாரும் அடுப்புப் பத்த வைக்காதீங்க என்று கத்தினார். மேலே கேஸே கிடையாது, ஜன்னலோரம் பழுத்த பலாவின் வாசனைதான் அது. வாய்ஸ் அனுப்பலாம் என்றால் அவர் போனை மேலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தார். வேறு வழியில்லை. கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, கத்தியோடு நானே ஏறி, பழத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அவர் வீட்டு அம்மாவும் இரண்டு பெண்களும் சுற்றி நின்றார்கள். பழத்தைப் பிளந்து சுளை எடுக்க எடுக்க, பிசின் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவணும், கொட்டையைத் தூக்கிப் போடாதீங்க, அவித்தால் நன்றாக இருக்கும் என்று நான்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். தலை நிமிரவே இல்லை. கை வேலையாக இருந்தால் வாய் தானாக ஓடுகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சார் முதலில் தள்ளித்தான் நின்றார். அப்புறம் பக்கத்தில் வந்தார். அப்புறம் கிண்ணத்தை நீட்டினார்: "அந்தக் கேஸ்ல எனக்கு இன்னும் நாலு சுளை போடும்மா."

மேனேஜர் வந்தார்

அதற்குள் மேடம் ஆள் பார்த்துவிட்டார். பேர் பிரவீன். ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும் என்று அழைத்துவந்தார். நல்ல பிள்ளை, அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டு, வருகிறவர்களுக்குத் தட்டில் எலுமிச்சை ஜூஸ் கொடுத்து, குனிந்து வணக்கம் சொன்னார். அவர் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, கட்டில் இந்தப் பக்கம் போடலாம் என்று கையால் அளந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கே பாத்திரத்தையெல்லாம் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

புதன்கிழமை ஒரு தம்பதி மூன்று மாசக் கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்து தங்கினார்கள். குழந்தை வந்ததிலிருந்து வீல் வீலென்று அழுகை. பிரவீன் போய், பால் சூடு பண்ணட்டுமா மேடம், இன்னும் தலையணை தரட்டுமா, வேறு ரூம் மாற்றட்டுமா என்று அத்தனையும் கேட்டார். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. மற்ற ரூம்காரர்களுக்குத் தொந்தரவு என்று சொல்கிறார் என்றே அவள் நினைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையில் துணியை அடைக்க ஆரம்பித்தாள். புருஷன் காரை எடுக்கப் போனான்.

கொடியில் என் நூல் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதை உருவிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். யாரையும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். நின்றுகொண்டு வருகிறவர்கள் பிடித்துக்கொள்ள பஸ்ஸில் மேலே கம்பி இருக்குமே, அதை வீட்டுக்காரர் கழற்றவில்லை. புடவையை அதில் இரண்டு சுற்றுப் போட்டு, முடிச்சை இழுத்துப் பார்த்து, தூளி கட்டினேன். குழந்தையை வாங்கிப் போட்டு ஆட்டினேன். கொஞ்சம் சிணுங்கியது, முகத்தைத் திருப்பியது, அப்புறம் சத்தமே இல்லை.

அந்தப் பெண் பையைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிரசவம் ஆனதிலிருந்து சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கவில்லை அக்கா என்றாள். நான் ஆட்டிக்கொண்டே பேசினேன். மித்ரா பிறந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன் என்று, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பதில் வரவில்லை. பார்த்தால் செருப்போடு படுத்துத் தூங்கிவிட்டாள்.

பஸ் வாசலில் பிரவீனும், அவர் வேலையைப் பார்க்க வந்திருந்த மேடமும் நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மேடம் அவர் பக்கம் திரும்பி, ஏன் உங்களுக்கு இது தோணலை என்று மெதுவாகக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நேர்மையாகச் சொன்னார்: "டவலை அன்னப்பறவை மாதிரி மடிக்கச் சொல்லிக் குடுத்தாங்க மேடம். புடவைல தூளி கட்டச் சொல்லிக் குடுக்கலை."

வாரநாள் கூட்டம்

அந்தப் பெண் ஊருக்குப் போய்ப் போனில் தூளிப் படத்தோடு எழுதினாள். குழந்தை பெற்று ஆபீஸ் லீவில் இருக்கிற பெண்கள் பெங்களூரில் இத்தனை பேர் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்களுக்குச் சனி என்ன, செவ்வாய் என்ன? வாரநாளிலும் மூன்று ரூமும் நிறைந்தது. என் வீட்டுக்காரர் குழாய்க்குள்ளும் மரத்து ரூமிலும் தூளி கட்டக் கம்பி வைத்து வெல்டிங் அடித்தார். பிரவீன் போகவில்லை. பெங்களூரில் மேடம் வீட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களின் போனைப் பார்த்துக்கொள்கிறார், அதில் அவர் கெட்டி.

மூட்டை கட்டின பாத்திரம் ஒரு வாரம் அப்படியே கிடந்தது. மேடம் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன என்றார். அவரே குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "வீடு உன்னுதுதான், போய் உலையை வை. தூளி கட்டறதுக்குப் புடவை பத்தலைன்னா மட்டும் வாயைத் தெறந்து கேளு."

நேருக்கு நேர் பார்த்துப் பேச எனக்கு இன்னும் வரவில்லைதான், ஆனால் இப்போது வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பல்லும் பேச்சும் இன்னும் வராததால் அதை யாரும் போனில் எழுதுவதில்லை.