அவன் சொன்ன கதையும் அக்கா படித்த கதையும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் மாதம் ஒருமுறை நாங்கள் கொஞ்சம் பேர் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம். அங்கே வரும் இளசுகளுக்கு இப்போது ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. கதைசொல்லியை நம்பலாமா, கூடாதா என்பதுதான் அது. ஒரு கதை 'நான்' என்று ஆரம்பித்துவிட்டால் போதும், போலீஸ்காரர் மாதிரி விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். போன மாதம் ஒரு பெண் என்னிடம், "அக்கா, நீங்கல்லாம் அந்தக் காலத்துல கதையில போட்டத அப்படியே நம்பியிருப்பீங்க, இல்ல?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அம்மா தாயே, சுங்கை பினாங் அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில், நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே எங்கள் பெண்கள் இந்த விசாரணையை நடத்தி முடித்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது.

அந்த மாடியில் எங்களையும் சேர்த்து ஐந்தாறு தமிழ் வீடுகள். இந்தியாவிலிருந்து வரும் வாரப் பத்திரிகை எல்லாருக்கும் சேர்த்து ஒன்றுதான் வாங்குவோம். கடைசி வீட்டு அக்கா மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தாள். பத்திரிகை வாங்கி வருவது அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரிடாரில் பாய் விரிப்போம். அவள் தொடர்கதையை உரக்கப் படிப்பாள். அதுவரை வேறு யாரும் பத்திரிகையைத் தொடக்கூடாது. படித்து முடித்ததும் கதைப் பக்கங்களை மட்டும் பதமாகக் கிழித்து, பைண்டு பண்ணப் போவதாகச் சொல்லித் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவாள். சமையல் குறிப்பும் ராசிபலனும் சிரிப்புத் துணுக்கும்தான் மற்ற வீடுகளுக்குச் சுற்றும். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. கதை என்றால் காதால் கேட்பது என்று இருந்தோம். எனக்கும் மலாய்ப் பள்ளிக்கூடத்துப் படிப்பு, அப்போது தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்.

அந்த வருடம் ஓடிய தொடர்கதையை ஒரு கணவன் 'நான், நான்' என்று சொல்லிக்கொண்டு போவான். மனைவி அவனை விட்டுப் போய்விட்டாள். அவளை நினைத்து வாராவாரம் உருகுவான். எங்கள் பெண்களுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"பொய் சொல்றான்லா இவன்! ஒன்னுமே செய்யலன்னா அந்தப் பொண்ணு ஏன் ராவோட ராவா கெளம்பிப் போவுது?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள்.

"இருங்கலா, அவன் பேசி முடிக்கட்டும்" என்பாள் அக்கா, ஏதோ அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அந்தச் சத்தமும் சிரிப்பும் நெத்திலி வாசனையும் கலந்த மத்தியானங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. அம்மா மட்டும் வாயே திறக்க மாட்டாள்.

ஏனென்றால் அம்மாவும் அப்படி வந்தவள்தான். அப்பா அக்கரையில், பாகான் டாலாமில் இருந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு அம்மா ஃபெரி ஏறி இக்கரைக்கு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பா ஆளனுப்பிக்கொண்டே இருந்தார். திருந்திவிட்டேன், பிள்ளைக்காகவாவது வா என்று சொல்லி அனுப்புவார். அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் உயிர். மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போவார், தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட சென்டோல் வாங்கித் தருவார். அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் நான் இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா பெட்டியை இறக்கி, துணிகளை அடுக்கினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வந்த வழியே போய்விட்டாள்.

மறுநாள் வழக்கம்போலப் பாய் விரித்தோம். மனைவி வரச் சம்மதித்துவிட்டாள், கணவன் வீட்டைத் தயார் செய்கிறான் என்பது அந்த வாரக் கதை. அக்கா அவன் குரலிலேயே, வெகு பிரியமாகப் படித்தாள்: "சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தேன். வாசலில் மல்லிகைக் கொடி வைத்தேன். அவள் வருவதற்குள், அறைக் கதவின் உள்தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டேன்."

எல்லார் கையும் அப்படியே நின்றது. "அடப்பாவி" என்றாள் ஒருத்தி. அம்மா எழுந்து உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போகவில்லை. அக்கா படித்த கதையிலும் அந்தப் பெண் போகவில்லை. சில வருடங்களில் அப்பா இறந்துபோனார். அவரோடு இருந்து பார்க்காமலே போயிற்று எனக்கு.

இந்த வருடம் அந்தக் கதை மறுபதிப்பாக வந்திருப்பதை குயின் ஸ்திரீட் கடை ஒன்றில் பார்த்தேன். பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி பாய்ந்து வாங்கி, ஒரே மூச்சில் படித்தேன். வெள்ளையடித்தது இருக்கிறது, மல்லிகைக் கொடி இருக்கிறது, தாழ்ப்பாளைக் காணோம். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. புத்தகத்தில் அவன் நல்லவன். உண்மையாகவே திருந்துகிறான். அவள் திரும்பி வருகிறாள். இருவரும் சந்தோஷமாக வாழ்கிறார்கள்.

அக்கா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போய்ச் சேர்ந்து பல வருடமான மனுஷியை எழுப்பி நிறுத்திச் சண்டை போடவேண்டும் போலிருந்தது. ஊரான் எழுதிய கதையில் ஒரு வரியைச் செருகி என் அப்பாவைப் பறித்துவிட்டாளே!

கோபம் கொஞ்சம் தணிந்த பிறகுதான் அது எந்தத் தாழ்ப்பாள் என்று எனக்கு உறைத்தது. பாகான் டாலாம் வீட்டில் எங்கள் அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் உண்டு. அதைப் போட்டுவிட்டு அம்மா என்னை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே அப்பா கதவை உதைப்பார். சென்டோலை மறக்காதவள் இதை எப்படி மறந்தேன்? அம்மாதான் அக்காவிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. அப்பா உண்மையாகவே திருந்தியிருந்தால்? இல்லாத ஒரு வரியைக் கேட்டுவிட்டா அம்மா தன் வாழ்க்கையையும் என் வாழ்க்கையையும் முடிவு செய்தாள்? அவளுக்கு இது தெரியவேண்டாமா?

அம்மாவுக்கு இப்போது பார்வை அநேகமாகப் போய்விட்டது. மத்தியானங்களில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். ஒரு வரி கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவளும் அதே பழைய அம்மாவாக, பேசாமல் கேட்டாள். கடைசிப் பக்கம் முடிந்தது.

"திரும்பிப் போயிட்டாளா? பாவம்" என்றாள்.

"ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாங்கம்மா. அப்படித்தான் போட்டிருக்கு."

"யாரு சொல்றா? அவன்தானே சொல்றான். அவள யாராச்சும் கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. அம்மாவை நானும் கேட்டதில்லை. துணியை அடுக்கினாள், கதை கேட்டாள், மனசு மாறினாள் என்று அவளைப் பற்றி நானாகவே ஒரு கதை வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இப்போதாவது கேட்போம் என்று கேட்டேன்.

"அன்னிக்கு அக்கா அப்படிப் படிக்கலன்னா, நீ அப்பாகிட்ட போயிருப்பியாம்மா?"

அம்மா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நான் ஏன் போறேன்லா? நீதான் அப்பாகிட்ட போகணும் போகணும்னு அழுதுகிட்டு, சாப்பிடாமக் கெடப்பே. துணிய எடுத்து அடுக்கினா எந்திரிச்சு ரெண்டு வாய் சாப்பிடுவே. ஒவ்வொரு சனிக்கெழமையும் அதானே செஞ்சுகிட்டிருந்தேன்."