கூட்டல் குறி போட்ட நான்கு திருகாணிகள்

காய்ச்சிய கோந்தின் வாசனை... இனிப்பும் புளிப்புமாக இருக்கும். புடவையில் ஏறிவிட்டால் வீடு வரை கூடவே வரும்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் தபால் உறை செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எனக்கு இருபது வயது, ஸ்டோர்ஸ் கிளார்க். எங்கள் வீட்டில் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். ஒரு தப்பு நடந்தால் போதும், திரும்ப வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பயம் சாப்பாட்டு டப்பாவோடு தினமும் என்கூட பஸ் ஏறும்.

அந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து உறை மடிக்கும் மெஷின் ஒன்று மரப்பெட்டியில் வந்தது. கூட வந்த சாமான்களைப் பார்த்து எடுத்துவைத்தவள் நான்.

அதில் ஒரு திருப்புளி. நுனி தட்டையாக இல்லை. கூம்பி, நாலு பக்கமும் வெட்டுப்பட்ட மாதிரி இருந்தது.

நான் அதுவரை பார்த்த திருகாணி எல்லாம் தலையில் ஒரே ஒரு கோடு போட்டவை. கதவுக் கீல், தையல் மெஷின், எல்லாமே அப்படித்தான். அதனால் இது உடைந்துபோன திருப்புளி என்று முடிவு செய்தேன். பழைய இரும்பு டின்னில் போட்டேன். அந்த வாரமே டின்னைக் காயலான் கடைக்காரர் எடுத்துப் போய்விட்டார்.

யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மெஷினுக்குக் காகிதம் கொடுப்பது மரகதக்கா. எல்லையோரத்து ஹனூர் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் என்னை "அம்மணி" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அலறல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மெஷின் நின்றிருந்தது. மரகதக்காவின் வலது கை, ரோலருக்கு நடுவே, இரும்பு மூடிக்கு அடியில். ரோலரைப் பின்னால் திருப்ப வேண்டுமென்றால் பல்சக்கரத்தைத் தொட வேண்டும். பல்சக்கரம் மூடிக்குள்ளே. மூடியில் நான்கு திருகாணிகள்.

மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் சாமுவேல் மேஸ்திரி தன் திருப்புளியை வைத்து அழுத்தினார். வழுக்கியது. இன்னொரு முறை. மறுபடி வழுக்கியது. அப்போதுதான் நான் அந்தத் தலைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கூட்டல் குறி.

நான் பழைய இரும்போடு போட்டது எதை என்று அப்போது புரிந்தது.

"இதுக்குன்னு தனி ஸ்குரூ டிரைவர் வந்திருக்கணுமே... ஸ்டோர்ஸ்ல பாரும்மா, சீக்கிரம், பேக பேக!" என்று கத்தினார் மேஸ்திரி.

ஓடினேன். அங்கே இல்லை என்று தெரிந்தே ஓடினேன். அலமாரி முன்னால் நின்றேன். 'அது வரவே இல்லை' என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பு வந்தது உண்மை. மறைக்கமாட்டேன்.

மெஷின் பக்கமிருந்து மரகதக்காவின் முனகல் வந்துகொண்டே இருந்தது.

கையில் கிடைத்த, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

"மேஸ்திரி, அது இல்லை. நான்தான் உடைஞ்சதுன்னு நெனச்சு பழைய இரும்போட போட்டுட்டேன். இந்தத் தலையில குறுக்க ஒரு கோடு அறுக்க முடியாதா? நம்ம ஸ்குரூ மாதிரி?"

மேஸ்திரி என்னை ஒரு நொடி பார்த்தார். பிளேடை வாங்கி, ஒரு முனையில் துணியைச் சுற்றி, அறுக்க ஆரம்பித்தார். நல்லவேளை, தலைகள் தகட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு இழுப்புக்கும் மெஷின் அதிர்ந்தது. அந்த அதிர்வு மரகதக்காவின் உடம்பு வழியாக என் கைக்கு வந்தது. நான் அவரைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மணி... வெரலு இருக்குதுங்களா? பாத்துச் சொல்லுங்க."

"இருக்கு அக்கா. எல்லாம் இருக்கு."

நான் பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடியிருந்தேன்.

ஒன்று கழன்றது. இரண்டு. மூன்றாவதில் பிளேடு ஒடிந்தது. மிச்சத் துண்டைப் பிடித்தே அறுத்தார், அவர் விரலிலும் ரத்தம். நான்காவது கழன்றதும் மூடியைத் தூக்கி எறிந்து, பல்சக்கரத்தைப் பின்னால் சுற்றி, கையை வெளியே எடுத்தார்கள்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. எனக்கு அது இன்னும் முடியாத மாதிரிதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். மற்றவை பிழைத்தன.

நான்காம் நாள் போய்ப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் நின்று, திருப்புளி விஷயம் முழுக்கச் சொன்னேன். வேலை போனாலும் பரவாயில்லை, இதைச் சுமந்துகொண்டு இருக்க முடியாது என்று ஆகிவிட்டது எனக்கு.

மரகதக்கா கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் நகர்த்தி வைத்தார்.

"கோவம் இருக்குதுங்க அம்மணி. இல்லீன்னு சொல்ல மாட்டேன்," என்றார். அப்புறம், "நீங்க பாக்காமத்தான் சொன்னீங்கன்னு அப்பவே தெரியும். ஆனா அந்தச் சொல்லப் புடிச்சிக்கிட்டுத்தான் நின்னேன்" என்றார்.

வேலை போகவில்லை. மேஸ்திரி மேலதிகாரிகளிடம் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. மரகதக்கா மூன்று மாசத்தில் திரும்பி வந்து, உறை எண்ணிக் கட்டும் பகுதிக்குப் போனார்.

பின்னால் மேஸ்திரிதான் விளக்கினார். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் திருகாணியை மெஷினே முடுக்குமாம். ஒற்றைக் கோட்டில் நுனி பக்கவாட்டில் நழுவிவிடும். கூட்டல் குறியில் தானாகவே நடுவில் போய் உட்காரும். அதற்காகக் கண்டுபிடித்த தலை அது. நல்ல யோசனைதான்... பொருத்தமான திருப்புளி கையில் இருக்கிறவர்களுக்கு.

இப்போது அறுகோணக் குழி, நட்சத்திரக் குழி, என்னென்னவோ வந்துவிட்டது. போன வாரம் எனக்குப் புதுக் கட்டில் வந்தது. பூட்டவந்த பையன் ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே முப்பது நுனிகள், வரிசையாக. பார்க்காமலே ஒன்றை எடுத்து மாட்டினான், சர்ரென்று முடுக்கினான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"யாகஜ்ஜி, ஏன் பாட்டி? சரியாப் போடறேனான்னு பாக்கறீங்களா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டுச் சிரித்தான்.

"இல்லப்பா. வேலை நன்னாத்தான் இருக்கு," என்றேன். "இடது கையக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோ."