நேசையன் நீட்டும் பஞ்சு

“கண்ண அடைச்சுக்கிடும். அடைச்சாச்சா? இனி மணத்திப் பாத்து சொல்லும், இது என்னதுண்ணு.”

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், ஆட்டோக்கள் வரிசையாக நிற்கிற இடத்தில், ஆட்டோக்காரர் ஜெயனின் மூக்குக்கு நேரே ஓர் ஈர்க்குச்சியை நீட்டிக்கொண்டு நிற்கிறார் நேசையன். குச்சியின் முனையில் மிளகளவு பஞ்சு, பஞ்சில் ஒரு துளி எண்ணெய். ஜெயன் கண்ணை மூடி மூச்சை இழுக்கிறார். “இது புல்தைலமல்லே சேட்டா?” “கரெக்ட். ஒமக்க மூக்கு நல்ல மூக்காக்கும்.” பரீட்சையில் தேறிவிட்ட சந்தோஷம் ஜெயனின் முகத்தில். தலைவலிக்குத் தேய்க்க ஒரு குப்பி வாங்கிக்கொள்கிறார். நேசையன் திரும்பி நின்று, அதே எண்ணெய் இருக்கிற மற்றக் குப்பிகளின் கழுத்தில் மஞ்சள் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுகிறார்.

வயது அறுபத்து மூன்று. ஒட்டிய கன்னம், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எண்ணெய்க் கறை. தோளில் தொங்கும் ரெக்சின் பைக்குள் மரச்சட்டம் வைத்துத் தடுத்த ஆறு அறைகள். எலுமிச்சைப் புல்லில் இறக்கிய புல்தைலம், யூக்காலித் தைலம், கிராம்பு எண்ணெய், ஓம எண்ணெய், பட்டை இலை எண்ணெய், கொசுவுக்கு ஒரு தைலம். திங்கள் பாறசாலை, புதன் காஞ்சிரங்குளம், வெள்ளி திருப்புறம். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில் பதில், தமிழில் கேட்டால் தமிழில். பல்வலிக்குக் கிராம்பு, மூக்கடைப்புக்கு வெந்நீரில் இரண்டு சொட்டு யூக்காலி, வயிற்று உப்புசத்துக்கு ஓம எண்ணெயை வயிற்றில் தடவல், அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். “ஆசுபத்திரிக்குப் போகண்டாம்ணு நான் ஒருக்காலும் பறயமாட்டேன். போற வழிக்கு உள்ளதாக்கும் இது” என்பார். தைலம் விற்கிறவர்களில் இப்படிச் சொல்கிற ஆளை நான் வேறு கண்டதில்லை.

குப்பிகளில் பெயர்ச்சீட்டு கிடையாது. எல்லாம் ஒரே தவிட்டு நிறக் குப்பிகள். “பேரு எழுதி ஒட்டினா ஆளுவ பேர நம்புவினும், மூக்க நம்பமாட்டினும்” என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார். மூடியைத் திறக்காமலே, குப்பியின் கழுத்தை முகர்ந்து இன்ன எண்ணெய் என்று சொன்ன மனிதர். புல்தைலத்தில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் முகம் சுருங்கிவிடும். அந்த மூக்கு இப்போது இல்லை.

நான்கு வருடத்துக்கு முன் ஊரெல்லாம் காய்ச்சலில் கிடந்தபோது அவரும் பத்து நாள் கிடந்தார். மற்றவர்களுக்குப் போன மணம் இரண்டு வாரத்தில், இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. அவருக்கு வரவில்லை. முதலில் அவருக்கே அது புரியவில்லை. அம்பூரியிலிருந்து வந்த யூக்காலி கேனைத் திறந்தார், ஒன்றுமே மணக்கவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய், எண்ணெய் காய்ச்சும் பொன்னப்பனைப் பிடித்துக்கொண்டார். “எண்ணெய்க்குப் பதிலா வெள்ளமா வே ஊத்தித் தந்தீரு?” பொன்னப்பன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்து, அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தார். நேசையனுக்குக் கண் எரிந்து நீர் கொட்டியது. “கண்ணுல வெள்ளம் சாடுது. பின்ன எங்ஙன வே மணம் இல்லாம போவும்?” என்றார் பொன்னப்பன்.

ஜலதோஷம் என்று சமாளித்துவிட்டுத் திரும்பினார். பஸ்ஸில் வரும்போது சட்டையை, கையை, ஜன்னல் கம்பியை, பக்கத்துச் சீட்டுக்காரர் வைத்திருந்த பலாப்பழத்தை எல்லாம் முகர்ந்து பார்த்தாராம். உலகத்தையே கழுவித் துடைத்து வைத்துவிட்டாற்போல் இருந்தது. மூக்கில்லாத தைலக்காரனிடம் யார் வாங்குவார்கள்? யாரிடமும் சொல்லவில்லை, மனைவி செல்லபாயிடம்கூட.

அதன்பிறகு வந்ததுதான் இந்த ஈர்க்குச்சி வித்தை. யூக்காலியைக் கண் எரிச்சலில் கண்டுபிடிப்பார். கிராம்பைக் குச்சி முனையால் நாக்கில் தொட்டால் மரத்துப்போகும். ஆனால் புல்தைலத்துக்கும் கொசுத் தைலத்துக்கும் கண்ணும் நாக்கும் உதவாது. அதற்குத்தான் ஜெயன். வாங்குகிறவர்களுக்கு அது விளையாட்டு. பள்ளிக்கூடத்து டீச்சர்மார் போட்டி போட்டுக்கொண்டு மூக்கை நீட்டுவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, இவர் எண்ணெய்க்கு ஒரு நிறமாக நூல் கட்டிக்கொள்வார்.

தெருவில் செல்லுபடியான வித்தை வீட்டில் செல்லவில்லை. சங்கடம் அங்கேதான் இருந்தது.

செல்லபாய் ஒன்றரை வருடமாகப் படுக்கையில். ஒரு மழை நாளில் சபைக் கோயில் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. சர்க்கரை நோய் வேறு. நேசையன்தான் எல்லாம். பஞ்சாயத்திலிருந்து கிடைத்த காற்று மெத்தையில் அவளை இடமும் வலமும் திருப்பிக் கிடத்துவார், துடைப்பார், துணி மாற்றுவார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நாட்களில் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். தரையைத் தினம் வெந்நீரில் புல்தைலம் விட்டுத் துடைப்பார். வாசலில் கால் வைக்கிறவர்கள், “வீடு நல்ல மணமாட்டு இருக்கு” என்பார்கள்.

செல்லபாய்க்குச் சாவைப் பற்றி அவ்வளவு பயமில்லை. அவளுக்குப் பயம் நாற்றத்தைப் பற்றித்தான். சபைப் பெண்களோடு நோயாளிகளின் வீடுகளுக்கு ஜெபம் பண்ணப் போய்வந்தவள். ஜெபத்தில் கண்ணை மூடியபடியே பெண்கள் சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறாள், அவளும் கொண்டுபோயிருக்கிறாள். சொந்த நாற்றம் தன் மூக்குக்குத் தெரியாது என்பது அவள் எண்ணம். தினம் காலையில் எழுந்ததும் ஒரு கேள்வி: “எனக்க மேலுல நாத்தம் உண்டா?” நேசையன் குனிந்து, அவள் கழுத்தருகே முகத்தை வைத்து மூச்சை இழுப்பார். “புல்தைலத்துக்க மணம் தான் உண்டு.” அவள் முகம் தெளியும். அது பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை. தெரியாத ஒன்றை எப்படிப் பொய் என்பது?

படுக்கை நோயாளிகளைப் பார்க்க மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் நர்ஸ் ஜின்சி, செல்லபாயின் முதுகின் அடிப்பக்கத்தில் காசளவு ஒரு புண் கிளம்பியதைக் கண்டாள். மருந்து வைத்துக் கட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். “நாத்தம் வந்தா அண்ணைக்கே என்னைய விளிக்கணும் அங்கிளே. பாக்கதுக்கு ஒண்ணும் தெரியாது. நாத்தமாக்கும் முதல்ல வரும்.”

“செரி மக்களே” என்று தலையை ஆட்டினார் நேசையன். அந்தத் தலையாட்டலை நினைத்து நினைத்து இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை அவருக்கு.

திருப்புறத்தில் கட்டிக்கொடுத்த மகள் ரெஷ்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்று வாரம் வராமலிருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தாள். வாசலில் வழக்கமான புல்தைல மணம். அம்மாவை முத்தமிடக் குனிந்தவளின் கை, தானாகவே ஷாலை மூக்குக்குக் கொண்டுபோனது. உடனே இறக்கிவிட்டாள். ஆனால் செல்லபாய் பார்த்துவிட்டாள்.

“அப்பா, இது இவ்வளவு நாளா நீங்க…” என்று ரெஷ்மா கட்டை அவிழ்த்தாள். அழுகல் உள்ளே குடைந்து போயிருந்தது. செல்லபாய் புண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. கணவர் முகத்தைத்தான் பார்த்தாள். “நீங்க இல்லண்ணு பறஞ்சீளே.”

ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். செத்த சதையை வெட்டியெடுத்துச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு தடவை அழுகினால் எலும்பில் ஏறிவிடும், அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இனி மூன்று நாளுக்கு ஒருமுறை ஜின்சி வருவாள். நடுவில் உள்ள நாட்களில் வீட்டு ஆள்தான் கவனிக்க வேண்டும். வீட்டு ஆள் என்றால் நேசையன்.

திரும்பி வந்த செல்லபாய், பார்க்க வந்த சபைப் பெண்களிடம் சொன்னது இது: “அந்த நாத்தத்துக்க பக்கத்துல ராவும் பகலும் கெடந்தாரு. ஒரு தடவ முகம் சுளிச்சதில்ல. நான் கேக்கும்போ எல்லாம் இல்லண்ணு பறஞ்சாரு, எனக்கு வெசனம் வரப்பிடாதுண்ணு.” பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “இப்பிடி ஒரு மனுசன் எங்க உண்டு!” அடுக்களையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த நேசையன், கொதித்த தண்ணீரை இறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்தப் புகழ்ச்சியைத் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து தரைக்குப் புல்தைலம் விடுவதை நிறுத்தினார். கட்டு மாற்றும்போது பஞ்சை மூக்கோடு அழுத்தி வைத்து நெடுநேரம் இழுத்துப் பார்ப்பார். ஒன்றுமில்லை. பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி. சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பார், அவளுடைய முகத்தைப் பார்த்ததும் புதுக் கட்டைச் சுற்றத் தொடங்கிவிடுவார். சொன்னால் படுக்கையில் அவளுக்குக் கிடைத்த அந்த ஒரே சந்தோஷம் போய்விடும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள்.

போன வியாழக்கிழமை காலையில் ஜின்சி வந்தாள். முகக்கவசம், கையுறை, தகரத் தட்டு. செல்லபாயை ஒருக்களித்துக் கிடத்தி, பழைய கட்டை அவிழ்த்துத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள். “இந்த மூணு நாளா நாத்தம் ஒண்ணும் இல்லியே அங்கிளே?”

நேசையன் பேசுவதற்கு முன் செல்லபாய் சிரித்தாள். “இருந்தாலும் இவரு பறயமாட்டாரு மக்கா. எனக்கு வெசனம் வருமாம்.” அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது.

நேசையன் தட்டுக்குள் கைவிட்டு, புண்ணோடு ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தார். ஈர்க்குச்சி பிடிக்கிற அதே இரண்டு விரலால் பிடித்தார்.

“மணத்திப் பாத்து சொல்லு மக்களே, இது என்னதுண்ணு.”

தைலக்காரரின் வேடிக்கை என்று நினைத்து ஜின்சி நிமிர்ந்தாள். அவர் முகத்தில் வேடிக்கை இல்லை.

“எனக்குத் தெரியாது மக்களே. நாலு வருசமாட்டு ஒரு மணமும் தெரியாது. புல்தைலமும் தெரியாது, இவளுக்க புண்ணும் தெரியாது.”

செல்லபாயின் சிரிப்பு பாதியில் நின்றது. நேசையன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பஞ்சை நீட்டிய கை தாழவில்லை. ஜின்சி கட்டிலை ஒருமுறை பார்த்தாள். பிறகு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, அவர் விரல்களை நோக்கிக் குனிந்தாள்.