கடைசி ஓவரை மச்சானுக்குக் கொடுத்த கப்டன்

நேற்றுக் கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் தோற்றோம். நான் வீசியிருந்தால் வென்றிருப்போம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்று லா சப்பல் கடைத்தெருவில் உள்ள எங்கள் கப்டனின் மரக்கறிக் கடைக்கே போய்விட்டேன். அவர் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எனக்கு ஒரு ஓவர் மிச்சம் இருக்கேக்கை, ஏன் உங்கடை மச்சானிட்டைப் பந்தைக் குடுத்தனீங்கள்?"

"அவன் மனிசியின்ரை தம்பியடா. குடுக்காட்டி எனக்கு வீட்டிலை சோறில்லை."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார்கள் வரிசையில் நின்றவர்கள்.

காசு வாங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார்.

"அவனை நம்பிக் கடைசி ஓவரைக் குடுக்க வேண்டாமெண்டு நான் காலமையே சொன்னனான்."

கப்டன் இன்னொரு கத்தரிக்காயை எடுத்துத் தராசில் வைத்தார்.

கப்டனை மாற்றுவதென்றால் என் வாக்கு காசு வாங்கும் அந்த அக்காவுக்கு. உங்களுடையது?