வளையத்தில் பட்ட சத்தம்

மாதனூரில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களுக்கு மோகனாவைக் கண்டாலே ஆகாது. அவள் யாரைப் பற்றியும் கோள் சொன்னதில்லை, யார் வம்புக்கும் போனதில்லை. அவள் பிழைப்பு அப்படி. ஆம்பூருக்கு வெளியே இருக்கும் ஷூ ஃபேக்டரியில் அவளுக்கு டைம் ஸ்டடி வேலை. ஷூவின் மேல்தோலைத் தைக்க எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் அளந்து எழுத வேண்டும். அவள் எழுதும் வினாடியை வைத்துத்தான் ஒரு நாளைக்கு இத்தனை ஜோடி என்று மேலே இருப்பவர்கள் டார்கெட் போடுவார்கள். டார்கெட் போட்டவர்கள் ஏ.சி. அறையில் சுகமாக உட்கார்ந்திருக்க, வசவு மட்டும் வாட்ச் பிடித்தவளுக்கு வந்து சேரும்.

வாட்சைப் பார்த்தால் தைப்பவர்களின் கை தானாக மெதுவாகிவிடும். இதை மோகனா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கண்டுகொண்டாள். அதனால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளப் பழகினாள். மிஷின் ஓடும் சத்தம் கேட்டால் கட்டைவிரல் வாட்சை அழுத்தும். சத்தம் நின்றால் நிறுத்தும், மறுபடி உறுமினால் மறுபடி ஓடவிடும். நடுவில் மிஷின் சும்மா இருந்தால் அதை வேலையில் சேர்க்க மாட்டாள். முப்பது மிஷின்கள் ஒரே ஷெட்டில் இரைந்தாலும் மூன்றாவது வரிசையில் நாலாவது மிஷினின் குரல் எது என்று அவள் காது பிரித்துச் சொல்லிவிடும். கெட்டிக்காரி என்று மேனேஜர் மெச்சினார். பெண்கள் அவளுக்குத் 'தூணு' என்று பெயர் வைத்தார்கள்.

சந்திரா பெயர் வைப்பதோடு நிற்கவில்லை. பதினெட்டு வருடமாக மிஷினில் உட்காருகிறவள் அவள். மோகனா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். போன வருடம் ஆடி மாதத்தில் சந்திராவின் வேலைக்கு ஒரு பீஸுக்கு நாற்பத்தொரு வினாடி என்று மோகனா எழுதிவிட்டாள்.

"நாப்பத்தெட்டுக்குக் கம்மியா ஆவாதுடி. நீ இன்னாத்த எண்ணின?" என்று ஷெட்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள் சந்திரா.

"மிஷின் ஓடுறதத்தான் எண்ணினேன்கா. என் காது பொய் சொல்லாது."

அதோடு பேச்சு நின்றுபோனது. அன்றிலிருந்து பஸ்ஸில் சந்திரா தன் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவாள். பைக்கு இடம் உண்டு, மோகனாவுக்குக் கிடையாது. மோகனா மாதனூரிலிருந்து ஃபேக்டரி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவாள். டார்கெட் ஏறியதில் சந்திராவுக்கு டீ குடிக்கும் நேரம் போய்விட்டது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கணக்கு சரி என்ற வீம்பு அவளுக்கு.

இதே மோகனாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார ஒரு நாற்காலி இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் மாவட்ட அணிக்கு பாஸ்கெட்பால் ஆடியவள். பதினைந்து வயதில் மாநில ஜூனியர் அணித் தேர்வுக்குப் போய், உயரம் போதாது என்று முதல் நாளே திருப்பி அனுப்பப்பட்டாள். திரும்பும் பஸ்ஸில் ராணிப்பேட்டை வரை அழுதுகொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அழுகை போய்ப் பிடிவாதம் வந்துவிட்டது. களத்துக்குள் விடாவிட்டால் ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று, பின்னாளில் மேசை அலுவலர் பரீட்சை எழுதித் தேறினாள். களத்தின் ஓரம் ஒரு நீள மேசை போட்டிருப்பார்கள். புள்ளி எழுத, ஆட்ட நேரம் பார்க்க என்று அதில் ஆள் உண்டு. கடைசி நாற்காலி இருபத்துநான்கு வினாடிக் கடிகாரத்துக்கு உரியது. அது மோகனாவுடையது.

பந்தைப் பெற்ற அணி இருபத்துநான்கு வினாடிக்குள் எறிய வேண்டும், எறிந்த பந்து வளையத்தில் பட வேண்டும். படாமல் நேரம் தீர்ந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பட்டுத் தெறித்து, எறிந்த அணியிடமே மறுபடி விழுந்தால், அவர்களுக்கு இன்னும் பதினான்கு வினாடி உண்டு. பட்டதா இல்லையா என்று அந்தக் கணமே முடிவு செய்து பொத்தானை அழுத்த வேண்டும். ஃபேக்டரியில் யாரும் விரும்பாத கட்டைவிரல் இங்கே மதிப்பாக இருந்தது.

இந்த ஆகஸ்டில் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான நான்கு நாட்டுப் போட்டி வேலூரில் ஒரு கல்லூரியின் உள்ளரங்கத்தில் நடந்தது. மோகனாவுக்கு அதுதான் முதல் சர்வதேசப் போட்டி. கழுத்தில் புகைப்படம் ஒட்டிய அட்டை தொங்கியது. வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கழற்றாமல் தோசை வார்த்தாள். நாடு நாடாக வந்திருந்த பிள்ளைகளைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகவும் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. பல்லுக்குக் கம்பி கட்டிய ஆறடிக் குழந்தைகள். தேசிய கீதத்துக்கு நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். மறு நிமிடம் யார் ஷூ லேஸை யார் அவிழ்த்தது என்று சண்டை போட்டுக்கொள்வார்கள்.

ஞாயிறு பிற்பகல் இறுதி ஆட்டம். இந்தியாவும் இலங்கையும் மோதின. கடைசி அரை நிமிடத்தில் இலங்கை ஐம்பத்தொன்பது, இந்தியா ஐம்பத்தெட்டு. பந்து இந்தியாவிடம் இருந்தது. மோகனாவின் கடிகாரத்தில் இரண்டு வினாடி மிச்சம் இருந்தபோது ஒரு பெண் மூலையிலிருந்து எறிந்தாள். அதே நேரம் மேசைக்கு முன்னால் இரண்டு நெட்டைப் பெண்கள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். மோகனாவுக்கு வளையமே தெரியவில்லை. வளையத்துக்குப் பின்னால் இருக்கும் பலகையில் 'தொம்' என்று பட்டது, பின்னாலேயே மெல்லியதாக ஒரு 'டிண்'. விரல் பொத்தானை அழுத்திவிட்டது. பதினான்கு.

பந்து இந்தியப் பெண் ஒருத்தியிடமே விழுந்தது. நான்கு பேர் கைமாறி ஒன்பது வினாடி கழித்து கூடைக்குள் போனது. அறுபதுக்கு ஐம்பத்தொன்பது. ஆட்டம் முடிந்தது. அரங்கம் கூரை பறக்கக் கத்தியது.

மோகனா கத்தவில்லை. மேசைப் பக்கம் இலங்கை அணியின் தலைவி வந்துகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, புள்ளித்தாளில் ஆட்சேபம் என்று போட்டிருந்த கட்டத்தில் அந்தப் பதினைந்து வயசுப் பெண் கையெழுத்துப் போட்டாள். பந்து பலகையில் மட்டும்தான் பட்டது, வளையத்தில் படவில்லை, ஆகவே கடைசிக் கூடை செல்லாது என்பது அவர்கள் வாதம்.

போட்டி ஆணையர் ராமமூர்த்தி, தலை நரைத்த மனிதர், மோகனாவிடம் குனிந்து, "பட்டதைப் பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

"பாக்கல சார். கேட்டேன்."

"கேட்டியா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் மோகனாவுக்குத் தான் செய்த காரியம் விளங்கியது. தூணுக்குப் பின்னால் நின்று நின்று பழகிய புத்தி! ஐந்நூறு பேர் கத்தும் அரங்கத்தில், எழுந்து எட்டிப் பார்க்காமல், காதை நம்பிப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.

காணொளியைப் பார்த்து முடிவு செய்வது என்று எல்லோரும் ஒரு சின்ன அறைக்குள் போனார்கள். மோகனாவைக் கதவோரம் நிற்கச் சொன்னார்கள். தப்பென்றால் கூடை செல்லாது, கோப்பை இலங்கைக்குப் போகும். அது நியாயம், போகட்டும். ஆனால் உள்ளூர்க்காரி தன் நாட்டுக்காக நேரத்தைத் திருடினாள் என்று பேசுவார்களே! அந்த நாற்காலியில் இனி யார் உட்கார விடுவார்கள்? அதையும்விட ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. நிஜமாகவே கேட்டேனா, இல்லை இந்தியா ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் கேட்டதாக நினைத்துக்கொண்டேனா? சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

இலங்கை அணியின் மேலாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. மோகனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களிலை பிழை எண்டு நாங்கள் சொல்லேல்லை, பிள்ளை. பட்டதோ இல்லையோ எண்டுதான் கேக்கிறம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தக் கனிவில் அவளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

ஆட்டத்தை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பியவன் ஆம்பூர் தானிஷ். கல்யாண வீடியோ எடுக்கிறவன். இரண்டு கேமரா வைத்திருந்தான். ஒன்றில் பெண்களின் முதுகு தெரிந்தது. இன்னொன்றில் பந்தும் வளையமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. நடுவில் இடைவெளி இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எட்டு முறை ஓட்டிப் பார்த்தார்கள். ராமமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார்.

"சார், படத்த வுடுங்க. சத்தத்த கேளுங்க" என்றான் தானிஷ். "ரிங்குக்குப் பின்னாடி குட்டி மைக் ஒண்ணு கட்டி வெச்சிருக்கேன்."

"அங்கே எதுக்குப்பா மைக்?"

"பழக்க தோஷம் சார். நிக்காவுல மாப்ள சம்மதம்னு 'கபூல்' சொல்ற சத்தம் வீடியோவுல வரலன்னா ரெண்டு வீட்டுக்காரங்களும் என்ன வந்து புடிச்சிக்குவாங்க. பெரிய பேஜார். அதனால எங்க போனாலும் முக்கியமான எடத்துல ஒரு மைக் வெச்சிடுவேன்."

மேலாளர் விவரமானவர். "முதல்ல பலகையிலை மட்டும் பட்டது ஒண்டைப் போடுங்கோ" என்றார். தானிஷ் முதல் பாதியிலிருந்து ஒன்றைத் தேடிப் போட்டான். ஹெட்ஃபோனில் 'தொம்' மட்டும் வந்தது. பிறகு வளையத்தில் பட்டது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றைப் போட்டான். 'தொம்', 'டிண்'. மூன்றாவதாக அந்தப் பந்து.

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி ராமமூர்த்தியிடம் கொடுத்தார். அவர் கேட்டார், நடுவர் கேட்டார். கடைசியில் ஹெட்ஃபோன் கதவோரத்துக்கு வந்தது.

'தொம்'. 'டிண்'.

"பட்டிருக்குது. எங்கட பிள்ளையளுக்கு நான் சொல்லுறன்" என்றார் மேலாளர்.

மோகனா ஹெட்ஃபோனைக் கழற்றித் தானிஷிடம் கொடுத்தாள். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள். பெண்கள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதாள். சந்தோஷம் என்றுகூடச் சொல்ல முடியாது. தான் திருடியில்லை என்று தனக்கே தெரிந்துபோன நிம்மதி அது. வெளியே வந்தால், அறைக்குள் நடந்தது ஒன்றும் தெரியாத இந்திய அணிப் பெண்கள் அப்போதுதான் வாங்கிய கோப்பையோடு நின்று, "தீதீ, ஒன் ஃபோட்டோ ப்ளீஸ்" என்று இந்தியில் அக்கா போட்டுச் செல்ஃபோனை அவள் கையில் திணித்தார்கள். எடுத்துக் கொடுத்தாள்.

கிளம்பும்போது ராமமூர்த்தி கூப்பிட்டார். "காது நல்ல காதுதாம்மா. ஆனா அந்தப் பையன் மைக் வைக்காம இருந்திருந்தா? அடுத்த தடவை எழுந்து நின்னு பாரு."

திங்கட்கிழமை லீவு கழிந்து, செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. தானிஷின் வீடியோ மாதனூர் முழுக்கச் சுற்றிவிட்டது. மோகனா கம்பியைப் பிடிக்கப் போனபோது சந்திரா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு."

மோகனா உட்கார்ந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த சீட்டில். பஸ் பாலாற்றுப் பக்கம் திரும்பியது.

"ரொம்ப பயந்துட்டியா?" என்று கேட்டாள் சந்திரா.

"ஆமாக்கா. கேட்டது நிஜம்னு எப்படி ரூபிக்கிறதுன்னே தெரியல."

"உனக்கு மைக் இருந்துச்சு, தப்பிச்ச. எனக்கு எவன் மைக் வெச்சான்? ஓரத்துல ஒட்டுற சொல்யூஷன் தடவுறேன். மடிக்கிறேன். சுருக்கம் இல்லாம விரலால நீவுறேன். நூலக் கத்திரிக்கிறேன். இதுக்கெல்லாம் இன்னா சத்தம் வரும்? நீ தூணுக்குப் பின்னாடி நின்னா உனக்கு எப்படிக் கேக்கும்?"

மோகனாவுக்கு அந்தச் சின்ன அறை நினைவுக்கு வந்தது. ஒரு மணி நேரம் கதவோரம் நின்றதற்கே தனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இவள் ஒரு வருடமாக நிற்கிறாள்.

அன்று பத்து மணிக்கு மோகனா வாட்சை எடுத்துக்கொண்டு சந்திராவின் மிஷினுக்கு நேர் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஷெட்டே வேடிக்கை பார்த்தது. முதல் இரண்டு பீஸுக்குச் சந்திராவின் கை தடுமாறியது. அப்புறம் மறந்துபோய் வேலையில் மூழ்கினாள். மோகனா இருபது பீஸ் அளந்தாள். ஒவ்வொன்றிலும் மிஷின் மௌனமாக இருந்த நேரத்தில் அந்த விரல்கள் செய்த வேலையைக் கண் எடுக்காமல் பார்த்தாள். எத்தனை வேலை! வெட்கமாக இருந்தது அவளுக்கு.

பழைய தாளை அடித்துத் திருத்தி, கீழே 'முன்பு அளந்தது என் தவறு' என்று எழுதி மேனேஜரிடம் நீட்டினாள். "ஒரு வருஷம் கழிச்சா? மேல கேட்டா இன்னா சொல்லுவ?" என்றார் அவர். "எழுதியிருக்கறதையே சொல்லுவேன் சார்" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அவள் திரும்பி வந்தபோது சந்திரா மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"எவ்ளோ?"

"நாப்பத்தேழுக்கா."

"நாப்பத்தெட்டுன்னு இல்ல சொன்னேன்?"

"கண்ணால பாத்தேன். நாப்பத்தேழுதான்."

"ஒண்ண வுடுறாளா பாரு இந்தத் தூணு!" என்று சந்திரா பக்கத்து மிஷின்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். டீ மணி அடித்தது. ஒரு வருடத்தில் முதல் முறையாகச் சந்திரா மிஷினை விட்டு எழுந்து, டம்ளரை எடுத்துக்கொண்டு, "வர்றியா?" என்றாள்.